முள் ஏறாததற்கு என்ன பொருள்?

கூலன்ட் மாற்றிய கார் ஒன்று சாலையில் போகிறது. டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டில் நிற்கிறது. அதே நேரத்தில் பானெட்டுக்கு அடியில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும் அளவுக்குச் சூடேறிக்கொண்டிருக்கலாம். முள் பொய் சொல்வதாக அதைக் குறை சொல்ல முடியாது. சென்சார் தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பதன் சூட்டைத்தான் சொல்லும். அந்த இடத்தில் கூலன்ட்டுக்குப் பதிலாகக் காற்று சிக்கியிருந்தால் காற்றின் சூட்டைச் சொல்லும். ஓட்டுபவர்தான் முள் ஏறவில்லை, ஆகவே சூடு இல்லை என்று முடிவு கட்டுகிறார். இந்த ‘ஆகவே’ எப்போது செல்லும், எப்போது செல்லாது? கடவுள் உண்டா என்ற வழக்கில் இரு தரப்பாரும் இதே ‘ஆகவே’யைத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள் என்பதால் கேள்வி பட்டறையோடு நின்றுவிடுவதில்லை. ஒன்றைக் காணவில்லை என்பதிலிருந்து அது இல்லை என்று அறிய முடியும் என்பதே என் நிலை. ஆனால் காண்பதற்கான தகுதி முதலில் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். உனக்குக் காணும் தகுதியில்லை என்று எதிராளியை மடக்குபவரும் அந்தத் தகுதியின்மையைத் தனியே காட்டியாக வேண்டும்.

முதலில் எஞ்சினைப் பார்த்துவிடலாம், அங்கே எல்லாவற்றையும் அளக்க முடியும். எரிபொருள் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி புகையோடு போகிறது, இன்னொரு பகுதியைக் கூலன்ட் சுமந்துகொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் காற்று சுமப்பது ஏறக்குறைய 3500இல் ஒரு பங்குதான். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் திறமைசாலி. ஆகவே தண்ணீர் ஓட வேண்டிய பாதையில் ஒரு டம்ளர் காற்று நின்றுவிட்டால் அந்த இடத்து உலோகம் கவனிப்பாரற்றுப் போகிறது. காற்று உயரம் தேடிப் போகும்: தெர்மோஸ்டாட் கூடு, ஹீட்டர் கோர், ஹெட்டின் மேல்மூலை. வாட்டர் பம்ப்பின் இறக்கைகளுக்கு இடையில் அது புகுந்துகொண்டால் தள்ளுவதற்குப் பிடிமானமே இல்லாமல் பம்ப் வெறுமனே சுற்றும். 1984இல் டொயோட்டா கொண்டுவந்த எம்ஆர்2 காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், ரேடியேட்டர் வண்டியின் முகப்பில். இரண்டையும் இணைக்கும் குழாய்கள் தரைத்தகட்டுக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. அந்த வண்டியில் ஏர் எடுப்பது, அதாவது சிக்கிய காற்றை வெளியேற்றுவது, பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று பெயர் வாங்கியதில் வியப்பில்லை. இனி சென்சாரின் இருப்பிடம். பெரும்பாலான வண்டிகளில் அது தெர்மோஸ்டாட் கூட்டையோ கூலன்ட் வெளியேறும் வாயையோ ஒட்டித்தான் இருக்கிறது, காற்று விரும்பித் தங்கும் அதே இடத்தில். போதாததற்கு, பல நவீனக் கார்களில் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக்கியிருக்கிறார்கள். சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாதாம். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த அளவுக்கு முள்ளின் சாட்சியம் மதிப்பிழந்துபோகிறது.

இந்தியத் தத்துவ மரபில் இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். தரையைப் பார்க்கிறோம், குடம் இல்லை என்று அறிகிறோம். இல்லாத குடம் கண்ணைத் தொட வழியில்லை. பிறகு எதைக் கொண்டு அறிந்தோம்? மீமாம்சகரான குமாரிலர் 7ஆம் நூற்றாண்டில், காணாமையே ஒரு தனி அளவை (அறியும் வழி), காட்சி அனுமானம் முதலான ஐந்துக்கும் அப்பால் ஆறாவது என்றார். அதே மீமாம்சையின் மற்றொரு கிளையைத் தொடங்கிய பிரபாகரர் ஒப்பவில்லை. வெறுந்தரையைக் கண்டதற்கு மேல் அங்கே அறிய ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. பௌத்தரான தர்மகீர்த்தி காட்சி, அனுமானம் என்ற இரண்டை மட்டுமே அளவையாக ஏற்றவர், காணாமையை அனுமானத்துக்குள் அடக்கினார். நியாய மரபினரான நையாயிகர்கள் இன்மையைத் தனிப் பதார்த்தமாகவே ஏற்று, அதைக் கண்ணே காண்கிறது, காணாமை அதற்குத் துணைதான் என்றார்கள். தமிழில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயக் கணக்கர்களிடம் பாடம் கேட்கும்போது வைதிகவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் (இன்மை) ஒன்று. ஆக, இந்த அறிவை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் பெரும் பூசல். ஆனால் இன்மையை அறிய முடியும் என்று சொன்ன குமாரிலர் வழியினர், பௌத்தர், நையாயிகர் மூவரும் ஒரு நிபந்தனையில் சேர்ந்துவிடுகிறார்கள்: காணத்தக்க ஒன்றைக் காணாதபோதுதான் அது இல்லை என்று சொல்லலாம். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ எட்டாததைக் காணவில்லை என்றால் அதிலிருந்து சந்தேகம் மட்டுமே பிறக்கும் என்று தர்மகீர்த்தி கறாராகச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர், வேதாந்த பரிபாஷையில் இந்தத் தகுதியை ஒரு சோதனையாகவே வடித்துத் தந்தார். இங்கே அது இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் தெரியாமை இன்மையைக் காட்டும். இருட்டறையில் குடத்தைத் தேடுபவர் இதில் தேறமாட்டார். காற்றில் தொங்கும் சென்சாரும் தேறாது.

பட்டறையில் ஏர் எடுப்பது என்று சொல்லும் வேலை முழுவதும் இந்தச் சோதனைக்கான ஏற்பாடுதான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தின் தயவில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். வண்டியின் மூக்கை உயர்த்திவைக்கிறார்கள், கூலன்ட் ஊற்றும் வாயே எல்லாவற்றிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புகிறார்கள். ஹீட்டர் குழாயில் வால்வு உள்ள வண்டிகளில் அப்போதுதான் வழி திறக்கும். கூலன்ட்டை மெல்ல ஊற்ற வேண்டும், அவசரமாக ஊற்றினால் அதுவே காற்றைச் சிறைப்பிடிக்கும். ஏர் எடுக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தும்போது முதலில் சீறல், அப்புறம் நுரையும் துளியுமாக, கடைசியில் இடைவிடாத ஒழுக்கு. திருகை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஹோஸை அமுக்கி அமுக்கி விடுகிறார்கள். வாயில் குமிழ்கள் வருகின்றன, பிறகு நிற்கின்றன. அனுபவமில்லாதவர் இங்கேதான் மூடியைப் போட்டுவிடுவார். 80 சொச்சம் டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினுக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியே வர நல்ல வழி கிடையாது. சில தெர்மோஸ்டாட்டுகளில் காற்று கசிந்து வெளியேறவென்றே ஊசியளவு துளை வைத்திருப்பார்கள், அதுவும் மேல்பக்கம் பார்த்துப் பொருத்தினால்தான் பயன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், பெரிய குமிழ் ஒன்று வெடித்து வெளியே வரும். அதற்குப் பிறகு குமிழ் நின்றால்தான் கணக்கு. குமிழ் இல்லை என்ற காட்சி கண்ணுக்கு இரண்டு தடவையும் ஒன்றேதான். முதல் தடவை, காற்று உள்ளே இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. இரண்டாம் தடவை, இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கே பிரபாகரர் கட்சிக்காரர் ஒருவர் குறுக்கிடலாம். எஞ்சின் கெடுவதற்குக் காரணம் இன்மை எதுவுமில்லை, காற்று என்ற ஒரு பொருளின் இருப்புதான், இதைப் போய் இன்மை பற்றிய பாடமாக்குவது ஏமாற்று என்பார். பாதி சரி. ஆனால் அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் நீராவி நின்றாலும் ஹெட் சூடேறும், ஹெட் கேஸ்கட் பிளந்து கசிந்த எரிபுகை நின்றாலும் சூடேறும், ஒன்றுமே இல்லாத வெற்றிடம் இருந்தாலும் சூடேறும். இத்தனைக்கும் பொதுவாக இருப்பது அங்கே கூலன்ட் இல்லை என்பது ஒன்றுதான். காரணம் சொல்லும்போது பொதுவானதைச் சொல்வதே முறை. இருந்தாலும் இன்மை உலகில் உள்ள ஒரு பொருளா, நம் பேச்சு வசதியா என்ற வழக்கை இங்கே தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அவர் கட்சிப்படியே போனாலும், வெறும் உலோகத்தைத்தான் கண்டோம் என்று சொல்ல அதைக் காணும் நிலையில் இருந்திருக்க வேண்டுமே.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. சென்சாருக்குத் தகுதி உண்டா என்று அறிய வேறொரு கருவி வேண்டும், அதன் தகுதியை அறிய இன்னொன்று, இப்படியே போனால் எதையும் இல்லை என்று சொல்லவே முடியாது. மெக்கானிக்கிடம் இதற்கு விடை இருக்கிறது, அவர் அதைத் தத்துவம் என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். முள்ளைச் சோதிக்க இன்னொரு முள்ளைத் தேடாமல், காற்று இருந்தால் வேறு எங்கெங்கே தெரியும் என்று அவர் பார்க்கிறார். எஞ்சின் சூடான பிறகும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வருகிறதென்றால் ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போய்ச் சேரவில்லை. ஓடிவிட்டு ஆறிய பின் மட்டம் இறங்கியிருந்தால், சிக்கியிருந்த காற்றின் இடத்தைக் கூலன்ட் பிடித்திருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டால் அதுவும் ஒரு துப்பு. வெற்றிடக் கருவி வைத்திருக்கும் பட்டறைகளில் முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கருவியின் முள் சில நிமிடங்கள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கூலன்ட்டை உள்ளே இழுக்கவிடுகிறார்கள். முள் நின்றால் கசிவு இல்லை. ஃபோர்டு போன்ற சில நிறுவனங்கள் பல எஞ்சின்களில் சென்சாரைக் கூலன்ட்டிலிருந்து எடுத்து ஹெட்டின் உலோகத்திலேயே பதித்துவிட்டன. கூலன்ட் வற்றிப்போனாலும் அது உண்மையைச் சொல்லும். குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறதா, ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் கொண்ட குழாயை வைத்துப் பார்ப்பார்கள். எரிபுகையின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும், கேஸ்கட் போய்விட்டது என்று பொருள். ஒன்றையொன்று சாராத இத்தனை அடையாளங்களும் ஒரே பக்கம் கை காட்டிய பிறகு எஞ்சும் சந்தேகம் நடைமுறையில் எதையும் அசைக்காது. 10ஆம் நூற்றாண்டு நையாயிகர் உதயணர் சொன்ன விடையும் இதன் சாயலில்தான் இருக்கிறது. சந்தேகப்படுபவரின் செயலே அவர் சந்தேகத்துக்கு முரணாகும் எல்லையில் சந்தேகம் முடிகிறது என்றார் அவர். பின்னால் வந்த ஸ்ரீஹர்ஷர் அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கி, முரண்பாடு என்று ஒன்று இருந்தாலே அங்கே சந்தேகமும் இருந்தாக வேண்டும் என்று மடக்கினார். கெட்டிக்காரத்தனமான மடக்கல். ஆனாலும் அவருடைய வாதம் கேட்பது முழு நிச்சயத்தை. இங்கே நாம் கேட்பது மூடியைப் போட்டு வண்டியை ஊருக்கு ஓட்டிப்போகும் அளவு நிச்சயம்.

உதயணரை இழுத்துவந்ததற்குக் காரணம் உண்டு. கடவுளை யாரும் கண்டதில்லை, ஆகவே இல்லை என்ற வாதத்துக்கு அவருடைய நியாயகுஸுமாஞ்சலி தரும் மறுப்பு இந்தத் தகுதி நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. புலனுக்கு எட்டாதது என்று வரையறுக்கப்பட்ட ஒன்றைப் புலன் காணவில்லை என்பது அதற்கு எதிரான சான்றாகாது. அப்படியானால் முயலுக்குக் கொம்பு இல்லை என்றும் சொல்ல முடியாதே என்று எதிர்க்கட்சி கேட்கும். கொம்பு என்பது காணத்தக்க பொருள், முயல் தலையில் இருந்தால் தெரிந்திருக்கும், ஆகவே அதை மறுக்கலாம் என்று அவர் பதில் வைத்திருக்கிறார். 1952இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய தேநீர்க் கெண்டியும் முயல் கொம்பின் உறவுதான். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, தொலைநோக்கிக்கும் அகப்படாத ஒரு சின்னக் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் யாராலும் மறுக்க முடியாது, அதற்காக அதை நம்பவும் வேண்டியதில்லை என்றார் அவர். இந்த உவமையின் பலம் காணாமையிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. கெண்டிகள் எப்படி உண்டாகின்றன, யார் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். விண்வெளிக்கு யாரும் ஒன்றை எடுத்துப் போகவில்லை என்ற அறிவுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. உலகுக்கு முதற்காரணமான ஒன்றைப் பற்றி அப்படிப்பட்ட முன்னறிவு நம்மிடம் கிடையாது. ஆனால் நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்ற அவருடைய கேள்வி சரியானது. மறுக்க முடியாது என்பதால் ஒன்று உண்டாகிவிடுவதில்லை. உதயணருக்கும் இது தெரியும். அதனால்தான் காணாமை வாதத்தைத் தள்ளியதோடு நிற்காமல், கடவுள் உண்டு என்பதற்குத் தனியாக அனுமானங்களை அடுக்க நூலின் கடைசிப் பகுதியை ஒதுக்கினார். அந்த அனுமானங்கள் தேறுகின்றனவா என்பது வேறு விவகாரம்.

உதயணரின் கவசம் எல்லாக் கடவுளுக்கும் பொருந்தாது என்பதை நம்பிக்கையாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கனடாவைச் சேர்ந்த ஜே. எல். ஷெல்லன்பர்க் 1993இல் வெளியிட்ட நூலில் கடவுளின் மறைவை எடுத்துக்கொண்டு வாதிட்டார். ஒவ்வொருவரோடும் உறவு கொள்ள விரும்பும் அன்பே வடிவான கடவுள் இருந்தால், எதிர்ப்பு மனமில்லாமல் தேடும் எவருக்கும் அவர் தெரிந்திருப்பார். அப்படித் தேடியும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அத்தகைய கடவுள் இல்லை. அத்வரீந்திரர் சொன்ன சோதனையைத்தான் இவரும் அறியாமலே பூர்த்தி செய்கிறார். இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதைக் கடவுளின் இலக்கணத்திலிருந்தே எடுத்துவிடுகிறார். உலகைப் படைத்து நடத்தும் உதயணரின் ஈசுவரனை இந்த அம்பு தொடாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருபவர் என்று பிரசங்கிக்கப்படும் கடவுளைத் தொடும். கடவுளிடம் ஏற்றிச் சொல்லும் குணம் எந்த அளவுக்கு அவரைக் காணத்தக்கவராக ஆக்குகிறதோ, அந்த அளவுக்குக் காணாமையும் கனம் பெறுகிறது. பேசும்போது நெருக்கமானவர், கேள்வி கேட்டால் எட்டாதவர் என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது நியாயமில்லை.

மறுபக்கத்துக் காணாமையும் உண்டு, அதை யாரும் காணாமை என்று அழைப்பதில்லை. புதுக் கார் வாங்கியதும் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி ஓட்டிப்போகிறார்கள். ஓராண்டு விபத்தில்லாமல் கழிகிறது. சாமி காப்பாற்றியது என்கிறார்கள். விபத்து நேரவில்லை என்பது இங்கே சான்றாக நிற்கிறது. காவல் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஓராண்டில் விபத்து நடந்து தெரிந்திருக்குமா என்று கேட்டால், எலுமிச்சம்பழம் நசுக்காத பெரும்பாலான வண்டிகளும் ஓராண்டைச் சேதமில்லாமல்தான் கடக்கின்றன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சடங்கு தரும் மனநிறைவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதைச் சான்று என்று சொல்வதுதான் இடறுகிறது.

காண்பவனிடம்தான் குறை என்று சொல்லும் மரபுகளில் மிகத் திருத்தமாகச் சொன்னது சைவ சித்தாந்தம். உயிரை அநாதியாகவே ஆணவ மலம் மறைத்திருக்கிறது, ஆகவே எப்போதும் உடனிருக்கும் சிவனை உயிர் அறிவதில்லை. மலம் பக்குவப்பட்டு, இருவினையொப்பு வந்து, சத்திநிபாதம் (சிவனருள் பதிதல்) நிகழ்ந்தால் அறியும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவையிலிருந்தே தொடங்கி, பல வகையாகச் சொல்லப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறார். உனக்குத் தெரியவில்லை என்றால் உனக்குப் பக்குவமில்லை என்ற பேச்சு மிக மலிவாகக் கிடைக்கும் பதில், எதையும் அதைக் கொண்டு காப்பாற்றிவிடலாம் என்று ஐயவாதி சீறுவார். சீற்றம் நியாயமானது. பக்குவமின்மைக்கு ஒரே அடையாளம் காணாமைதான் என்றால் வாதம் தன் வாலையே கடிக்கிறது. சென்சார் காற்றில் இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வதை நாம் ஏற்பது, முள் ஏறவில்லை என்பதாலா? குளிர்ந்த ஹீட்டரும் இறங்கிய மட்டமும் அதைத் தனியாகச் சொல்வதால்தானே. சித்தாந்தத்துக்கும் இதே அளவுகோலை வைக்க வேண்டும். வைத்தால் அது முழுதாகத் தோற்றுவிடவில்லை என்பதே என் கணிப்பு. இருவினையொப்பு என்பது நல்வினை, தீவினை இரண்டின் பயனிலும் விருப்பு வெறுப்பின்றிச் சமமாக நிற்கும் நிலை. புகழ் வந்தபோதும் நட்டம் வந்தபோதும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில், முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு அது வெளியே தெரியும், சிவனைக் கண்டாரா இல்லையா என்ற கேள்வியைக் கேட்காமலே. ஆக, பக்குவத்துக்குக் காட்சியைச் சாராத அடையாளம் ஒன்றை அந்த மரபு முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. பக்குவமில்லை என்று யாரைச் சொன்னாலும், அந்த அடையாளத்தைக் கொண்டு கேட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. வீம்புக்கும் கோபத்துக்கும் பேர்போன ஒருவர் எதிராளியைப் பக்குவமற்றவர் என்றால் அதை அவருக்கே திருப்பியும் விடலாம்.

எஞ்சி நிற்பது, சமநிலைக்கும் காட்சிக்கும் உள்ள தொடர்பு. கூலன்ட் நனைத்தால் சென்சார் சரியாகச் சொல்லும் என்பதை ஆயிரம் வண்டிகளில் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். பக்குவம் வந்தால் சிவம் தெரியும் என்பதை அப்படி உறுதிசெய்ய, வந்தவர்களின் வாக்குமூலத்தைத்தான் நாட வேண்டும். அருணந்தி அதைத் தயங்காமல் செய்வார், அவர் ஏற்ற மூன்று அளவைகளில் மூன்றாவது உரை. இரண்டோடு நிறுத்திக்கொண்ட தர்மகீர்த்தி அந்த வாசலில் செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். பக்குவத்தின் அடையாளங்கள் எல்லாம் பொருந்தியிருந்தும் சிவத்தைக் காணாத பௌத்தத் துறவியின் சாட்சியத்தை என்ன செய்வது என்று அவர் கேட்பார். சித்தாந்தி அதற்குச் சொல்லும் எந்தப் பதிலும், அந்தத் துறவியிடம் என்ன குறை என்பதை, அவர் காணவில்லை என்ற ஒன்றைத் தவிர வேறெதையாவது கொண்டு காட்டியாக வேண்டும்.